பெட்டிக்குள் பறப்பதும் வானில் பறப்பதும்

கோட்டையூர் அழகப்பச் செட்டியாரைக் காரைக்குடிக்காரர்கள் கல்லூரிகளுக்காகவும் மின்வேதியியல் ஆய்வகத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் விமானம் ஓட்டக் கற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. சட்டம் படிக்க லண்டன் போனவர், 1930களில் க்ராய்டன் விமானத் தளத்தில் பயிற்சி பெற்று விமானிச் சான்றிதழும் வாங்கினார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்திப் பார்த்தார். அந்தக் காலத்துப் பயிற்சி விமானங்கள் பெரும்பாலும் மேல்மூடி இல்லாதவை. ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, ரப்பர் குழாய் வழியே பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் தரையில் ஒத்திகை பார்க்க வழியில்லை. தப்புச் செய்வதும் வானத்தில்தான், திருத்திக்கொள்வதும் வானத்தில்தான்.

இன்று அதே கோட்டையூரில் ஒரு பையன் மேசைக் கம்ப்யூட்டரில் மதுரையிலிருந்து எழும்பி, வழியில் கண்மாய்களை எண்ணிக்கொண்டே போய்த் திருச்சியில் இறங்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு, உலகத்தின் நிலப்பரப்பையே செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்துத் திரையில் விரிக்கிறது. நிஜ ஓடுபாதைக்கோ காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போக வேண்டும், மதுரை ஆனாலும் சரி, திருச்சி ஆனாலும் சரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று செட்டிநாட்டிலேயே கிடக்கிறது. அரசாங்கப் பட்டியல்களில் அதன் பெயர் அவ்வப்போது வருகிறது. பயணியர் விமானம்தான் வருவதில்லை.

வீட்டுப் பெரியவர்கள் இதைப் பார்த்து இரண்டில் ஒன்று சொல்வார்கள். "இது விளையாட்டு, இதில் என்ன படிப்பு?" என்பார்கள், அல்லது "இவ்வளவு நன்றாக ஓட்டுகிறானே, பைலட் ஆகிவிடுவான்" என்பார்கள். இரண்டுமே கேள்வியைத் தவறவிடுகின்றன. விமானக் கல்வி ஒரே திறமை கிடையாது. அது பல திறமைகளின் மூட்டை. சிலவற்றைத் தரையில் கற்பதே மேல். சிலவற்றைத் தரையில் கற்கவே முடியாது. சிலவற்றைத் தரையில் தப்பாகக் கற்றுக்கொண்டு போனால் உயிருக்கு ஆபத்து. கடந்த 90 ஆண்டு அனுபவத்தைப் புரட்டினால், இந்த மூன்றாவது வகைதான் அதிகம் கவனிக்கப்படாமல் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வரலாறு. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்து வந்தது. விமானம் கற்க ஆகும் செலவைக் கண்டு நொந்த அவர், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளையே எடுத்து, அவற்றின்மேல் குட்டி விமானம் போன்ற ஒரு பெட்டியை ஏற்றி 1929இல் ஒரு பயிற்சிக் கருவி செய்தார். கைப்பிடியை அசைத்தால் துருத்திகள் ஊதி, வடிந்து, பெட்டி சாயும், திரும்பும், தலை தூக்கும். விமானப் பள்ளிகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களில் காசு போட்டு ஏறும் விளையாட்டுப் பொருளாகத்தான் அது முதலில் விலைபோனது.

1934இல் நிலைமை தலைகீழானது. விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்த அமெரிக்க அரசு, அந்த வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தது. பனிக்காலம், மேகத்துக்குள் மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. சில வாரங்களில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அப்போது ராணுவ அதிகாரிகளைச் சந்திக்க லிங்க் மோசமான வானிலையில் மீட்டர்களை நம்பியே நியூவார்க்கில் வந்து இறங்கினார். ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. உலகப் போர் முடிவதற்குள் அந்த நீலப் பெட்டியில் 5 லட்சம் பேருக்கு மேல் பயின்றார்கள்.

அந்தப் பெட்டிக்கு ஜன்னல் காட்சி கிடையாது, மூடிக்குள் இருட்டு. அது விமானத்தைப் போல இருந்ததால் ஜெயிக்கவில்லை. மேகத்துக்குள் போனவனின் குருட்டுத்தனத்தை அப்படியே கொடுத்ததால் ஜெயித்தது. சிமுலேட்டர் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்று இன்றைக்கும் முதலில் கேட்கிறோம். எந்தப் பாடத்துக்கு எது தத்ரூபமாக வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டியது.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ரோஸ்கோவும் அவருடைய சகா போவன்மையரும் 1973இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். தரைக் கருவியே தொடாத மாணவர்கள் இறுதித் தேர்வில் தேற நிஜ விமானத்தில் சராசரியாகச் சுமார் 45 மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். 3 மணி நேரம் தரைக் கருவியில் பழகியவர்களுக்குச் சுமார் 40 மணி போதுமாக இருந்தது. 11 மணி நேரம் பழகியவர்களுக்குச் சுமார் 38. முதல் 3 மணி நேரம் ஏறக்குறைய 5 மணி நேரப் பறப்பை மிச்சம் பிடித்தது. அதற்கு மேல் செலவிட்ட 8 மணி நேரம் இன்னும் இரண்டரை மணி நேரத்தைத்தான் மிச்சம் பிடித்தது. தரைப் பயிற்சியின் ஆரம்ப மணிகள் தங்கம், பிந்திய மணிகள் தவிடு. வீட்டில் ஆயிரம் மணி நேரம் ஓட்டியதாகப் பெருமைப்படும் இளைஞர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு விதியும் ஏறத்தாழ இதே எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். வணிக விமானி லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு தனிப் பயணம் போய், வழியில் வெவ்வேறு இரண்டு தளங்களில் இறங்கியிருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம் ஓட்டிப் பத்து முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். மீட்டர் பார்த்து ஓட்டும் 10 மணி நேரத்தில் மட்டும் 5 வரை சிமுலேட்டரில் கழிக்கலாம். அதற்கெனத் தனியாக உள்ள இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு வேண்டிய 40 மணியில் 20 வரை சிமுலேட்டர் ஏற்கப்படும். அதுவும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒப்புக்கொண்ட கருவியாக இருக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிய ஒரு நிமிடம்கூட லாக்புக்கில் ஏறாது.

ஆனால் லைசென்ஸ் வாங்கிய பிறகு கதை மாறுகிறது. ஏர்பஸ் 320 போன்ற பெரிய விமானத்துக்குப் பழகுவது ஏறக்குறைய முழுவதும் சிமுலேட்டரில்தான். ஹைதராபாத், பெங்களூரு, குருகிராம் போன்ற ஊர்களில் அந்தப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. வேலையில் சேர்ந்த பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பெட்டிக்குள் போய்த் தேற வேண்டும். தலை நரைத்த கேப்டனுக்கும் விலக்கு இல்லை. சின்ன விமானம் கற்கும்போது சிமுலேட்டர் ஊறுகாய். பெரிய விமானத்தில் அதுவே சாப்பாடு.

அந்தப் பெரிய பெட்டியைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு கோடி டாலரைத் தொடும் விலை. இரண்டு மாடி உயர அறையில், நீண்டு சுருங்கும் ஆறு கால்களின்மேல் நிற்கிறது. உள்ளே அசல் காக்பிட். முன்னால் வளைந்த கண்ணாடியில் தெரியும் ஓடுபாதை, உண்மையிலேயே தொலைவில் இருப்பதாகக் கண்ணுக்குப் படும். விமானம் வேகமெடுத்து ஓடும்போது முதுகு இருக்கையில் அழுந்துமே, நாலைந்து அடி மட்டுமே நகரக்கூடிய பெட்டி அதை எப்படித் தரும்? பெட்டி சட்டென்று ஒரு சிறு தள்ளு கொடுத்துவிட்டு, மெல்ல மெல்ல மூக்கைத் தூக்கிப் பின்னால் சாய்கிறது. திரையில் அடிவானம் மட்டமாகவே நிற்கிறது. சாய்ந்ததால் முதுகில் விழும் சொந்த உடல் எடையை, வேகத்தின் அழுத்தம் என்று காது நம்பிவிடுகிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்புக்குச் சாய்வையும் வேக அதிகரிப்பையும் பிரித்தறியத் தெரியாது. அந்த அறியாமையின்மேல்தான் இந்த வித்தையே நிற்கிறது.

அதே அறியாமைதான் நிஜ வானத்தில் ஆளைக் கொல்கிறது. இரவில், அடிவானம் தெரியாத இருட்டில், விமானம் வேகமெடுத்தால் மூக்கு மேலே தூக்கியதாகக் காது சொல்லும். விமானி மூக்கைக் கீழே அழுத்திவிடுவார். பெட்டியின் வித்தைக்கும் எல்லை உண்டு: நீண்ட திருப்பத்தின் சுழற்சியும், உடல் எடை இரட்டிப்பாகும் அழுத்தமும் இந்தப் பெட்டியில் தொடர்ந்து வராது. இத்தனைக்கும் பிறகு, ஆறு கால் அசைவு பயிற்சியின் பலனைப் பெரிதாகக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்று அமெரிக்காவின் வோல்ப் ஆய்வு மையம் செய்த சோதனைகள் சொல்லின. விவாதம் ஓயவில்லை, கால்களும் அப்படியே நிற்கின்றன.

சிமுலேட்டர் நிஜத்தை விஞ்சும் இடம், நிஜத்தில் செய்யவே கூடாத காரியங்கள். 1994 மார்ச் 8 அன்று டெல்லி பாலம் விமான நிலையத்தில் சஹாரா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று பயிற்சிக்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பயிற்றுநர் ஒருவர், பயிற்சி விமானிகள் மூவர். சக்கரம் தரை தொட்டு மறுபடி எழும்பும்போது, ஒரு இன்ஜின் நின்றுபோனது போன்ற நிலையைப் பயிற்றுநர் உண்டாக்கினார். பயிற்சி விமானி, விமானத்தை இடவலமாகத் திருப்பும் ரடரின் தப்பான பக்கத்துப் பெடலை மிதித்தார். விமானம் சாய்ந்து விழுந்து, அங்கே நின்றுகொண்டிருந்த ரஷ்ய விமானத்தின்மேல் மோதியது. நால்வரும் இறந்தார்கள், தரையில் இருந்தவர்களும் இறந்தார்கள். இதே தப்பை சிமுலேட்டரில் செய்திருந்தால் திரை சிவக்கும், பயிற்றுநர் ஒரு பொத்தானை அழுத்துவார், மறுபடி ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்கலாம். இன்ஜின் நிற்பதையும் நெருப்புப் பிடிப்பதையும் நிஜ விமானத்தில் ஒத்திகை பார்ப்பது துணிச்சலில் சேராது.

நிஜத்தை முன்கூட்டிச் செய்து பார்க்கவே வழியில்லாத பயணமும் உண்டு. இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரில் குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன் சென்னைக்காரர். விண்கலத்தில் தனியாக ஏறிப் பழகிவிட்டு வா என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. அங்கே சிமுலேட்டரை விட்டால் வேறு பள்ளிக்கூடம் இல்லை.

ஆனாலும் ஒத்திகை தெரிந்தவனுக்கும் நிஜத்தில் அகப்பட்டவனுக்கும் நடுவில் சில நொடிகள் இருக்கின்றன. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் நின்ற விமானத்தை கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார். விசாரணையில் வேறு விமானிகளை சிமுலேட்டரில் உட்கார வைத்து அதே நிலையைக் கொடுத்தார்கள். மோதிய மறுகணமே திரும்பியவர்களில் பலர் ஓடுபாதையை எட்டினார்கள். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு ஆகும் நேரமாக 35 நொடி சேர்த்ததும் எட்ட முடியவில்லை. வரப்போவது தெரிந்து உட்கார்ந்திருப்பவனிடம் திகைப்பு இருக்காது. நல்ல பயிற்றுநர்கள் அதனால்தான் எதிர்பாராத நேரத்தில் பழுதுகளைக் கொடுப்பார்கள். என்றாலும் சிமுலேட்டருக்குள் நுழைந்தவன், இன்று ஏதோ கெட்டுப்போகத்தான் போகிறது என்ற நினைப்போடுதான் உட்காருகிறான்.

இனித் தப்பாகக் கற்பிப்பதைப் பற்றி. 2001 நவம்பர் 12 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 நியூயார்க்கில் எழும்பிய சிறிது நேரத்தில், முன்னே சென்ற பெரிய விமானம் கிளப்பிவிட்ட காற்றுச் சுழலில் ஆடியது. துணை விமானி ரடரை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி முழு மூச்சில் மிதித்தார். அந்த விசையைத் தாங்காமல் வால்துடுப்பு முறிந்தது. விமானத்திலும் தரையிலுமாக 265 பேர் இறந்தார்கள். ரடரின் வடிவமைப்போடு அந்த நிறுவனத்தின் சிமுலேட்டர் பாடத்தையும் விசாரணை அறிக்கை காரணங்களில் சேர்த்தது. காற்றுச் சுழல் எவ்வளவு கொடூரமானது என்று காட்டுவதற்காக அந்தப் பாடத்தில் விமானம் மிகையாகச் சாயும்படியும், விமானியின் கை கால் அசைவுக்குச் சற்று நேரம் அடங்காதபடியும் வைத்திருந்தார்கள். மெல்ல மிதித்தால் பயனில்லை என்ற பாடம் காலில் ஏறியது. அந்தக் கால் நிஜ விமானத்துக்கும் வந்தது.

இன்னொரு வகை, கருவிக்கே தெரியாத இடம். 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் விமானம் அட்லான்டிக் கடலின்மேல் சுமார் 35,000 அடியில் வேகமானிக் குழாய்களில் பனி அடைத்துத் தானியங்கி விலகியதும், விமானி மூக்கைத் தூக்க, இறக்கை தாங்கும் சக்தியை இழந்து கடலில் விழுந்தது; 228 பேர் இறந்தார்கள். ஸ்டால் எனப்படும் அந்த நிலைக்குள் முழுமையாகப் போய் மீளும் பயிற்சி அன்றைய சிமுலேட்டர்களில் இல்லை. தயாரிப்பாளர்கள் நிஜ விமானத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோய் அளந்து தகவல் தந்தால்தானே பெட்டி அதைப் பாவிக்கும்? அமெரிக்கா 2013இல்தான் முழு ஸ்டால் பயிற்சியைக் கட்டாயமாக்கும் விதியைக் கொண்டுவந்தது. போயிங்கின் 737 மேக்ஸ் விவகாரத்திலும் இதே சாயல். பழைய 737 ஓட்டியவர்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் போதும், சிமுலேட்டர் வேண்டாம் என்று விற்றார்கள். இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்த பிறகு, கைப்பிடியின் கனத்தைச் சமன் செய்யக் கையால் சுற்றும் ட்ரிம் சக்கரம் எவ்வளவு கனக்கும் என்பதைத் தங்கள் சிமுலேட்டர் மென்பொருள் சரியாகக் காட்டவில்லை என்று 2019 மே மாதம் போயிங் ஒப்புக்கொண்டது. கோடி டாலர் கருவிக்கே இந்தக் கதி என்றால், சில ஆயிரம் ரூபாய் ஜாய்ஸ்டிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் வீட்டு சிமுலேட்டரைக் கைகழுவ நான் தயாரில்லை. காக்பிட்டில் எது எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் எதைச் சரிபார்ப்பது, ரேடியோ வழிகாட்டியைப் பிடித்து எப்படி வருவது: இவற்றை மாணவன் தெரிந்துகொண்டு போனால் இன்ஜின் ஓட ஓடக் கற்க வேண்டியது குறையும். பறக்கும் மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. வாட்சிம் போன்ற இணைய வலையமைப்பில் உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கும் ஆர்வலர் கட்டுப்பாட்டு அதிகாரியாகப் பேசுவார். பதில் சொல்லிப் பழகினால் ரேடியோ முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பயம் போகும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது பெரிய உதவி.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் பழகியவன் மீட்டர்களையே வெறித்துப் பார்ப்பான். சின்ன விமானத்தில் முக்கால்வாசி நேரம் கண் வெளியே இருக்க வேண்டும். ரடர் பெடல் இல்லாமல் பழகியவனுக்குக் கால் இருப்பதே மறந்துவிடும். கைப்பிடியில் சேரும் கனத்தை உணர்ந்து ட்ரிம் வைக்க வராது, ஏனென்றால் சாதாரண ஜாய்ஸ்டிக்குக்கு எந்த வேகத்திலும் ஒரே ஸ்பிரிங்தான்.

இறங்கும் கடைசிப் பத்து நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். செஸ்னா 172 சுமார் 65 நாட் வேகத்தில் ஓடுபாதையை நோக்கி வருகிறது. தரைக்கு மேல் பத்துப் பதினைந்து அடி இருக்கும்போது பவரைக் குறைத்து, கைப்பிடியை மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். எவ்வளவு, எப்போது என்று எந்த மீட்டரும் சொல்லாது. ஓடுபாதையின் இரு ஓரங்களும் கடைக்கண்ணில் சட்டென்று விரிந்து மேலெழும். இருக்கை ஒரு நொடி அடியிலிருந்து நழுவும். இறக்கைக்கும் தரைக்கும் நடுவில் காற்று மெத்தைபோல் தாங்கும். முன்னால் மட்டும் தெரியும் சின்னத் திரையில் கடைக்கண்ணுக்கு வேலையே இல்லை. சிமுலேட்டரில் நூறு முறை சுத்தமாக இறங்கியவனும் இங்கே ஒன்று உயரத்திலேயே இழுத்துத் தொப்பென்று விழுவான், அல்லது இழுக்காமல் வந்து மோதுவான்.

பிறகு நம் வெயில். கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது காரைக்குடி. சித்திரை மாதத்தில் 38 டிகிரி காயும்போது அந்தக் காற்றின் அடர்த்தி, சுமார் 3,000 அடி உயரத்துக் காற்றுக்குச் சமமாக இளைத்துவிடும். இன்ஜின் சோரும், இறக்கை சோரும், எழும்ப ஓடும் தூரம் நீளும். மத்தியான வேளையில் செம்மண் பொட்டலின்மேல் காற்று கொதித்து விமானத்தைத் தூக்கும். தண்ணீர் நிற்கும் கண்மாய்க்கு மேல் வந்ததும் இறக்கிவிடும். சிமுலேட்டர் இந்த எண்களை எல்லாம் சரியாகவே கணக்குப் போடும். கழுத்தில் வழியும் வியர்வையையும், பெட்ரோல் வாடையையும், குலுக்கலில் புரளும் வயிற்றையும் அது தராது. அந்த நிலையில் கணக்குப் போடுவது வேறு கலை.

திரையில் கற்றது எதுவரை போகும் என்பதற்கு 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு துயரச் சாட்சி கிடைத்தது. விமான நிலையத் தரைப்பணியாளர் ஒருவர், பயிற்சியே இல்லாதவர், யாருமில்லாத டர்போபிராப் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய், வானத்தில் கரணமும் அடித்தார். எப்படித் தெரியும் என்று ரேடியோவில் கேட்டவர்களிடம் வீடியோ கேம் ஆடியிருப்பதாகச் சொன்னார். கடைசியில் ஒரு தீவில் மோதி இறந்தார். இன்ஜினைக் கிளப்பவும் எழும்பவும் திரை போதுமானதாக இருந்திருக்கிறது என்பதுதான் இதில் கலவரமூட்டுவது.

நிஜப் பறப்பின் பக்கம் எல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். மணிக் கணக்கில்தான் லைசென்ஸ் என்றால், பறக்காத மணியை எழுதிச் சேர்க்கும் ஆசையும் கூடவே வரும். விமானிகள் வட்டாரத்தில் அதைப் பார்க்கர் பேனா மணி என்று கேலியாகச் சொல்வார்கள். 2011இல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விமானிகள் இந்தியாவில் கைதானபோது பறப்புக் கணக்குகளும் துருவப்பட்டன. சிமுலேட்டர் இந்த விஷயத்தில் நேர்மையான சாட்சி; ஒவ்வொரு அசைவையும் பதிந்து வைக்கும். எத்தனை மணி என்று கேட்பதை விட்டு, என்ன செய்யத் தெரியும் என்று சோதிக்கும் முறையும் வந்துவிட்டது. 2006இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கொண்டுவந்த பலவிமானிக் குழு லைசென்ஸில் 240 மணி நேரப் பயிற்சியின் பெரும்பங்கு சிமுலேட்டரில் நடக்கலாம். தனியாக விமானம் ஓட்டிய அனுபவம் இத்தனை குறைந்தவரை இருநூறு பயணிகளுக்குப் பொறுப்பாக்கலாமா என்ற சண்டை அன்று முதல் நடக்கிறது. நான் மறுப்பவர்கள் பக்கம். பக்கத்து இருக்கை காலியாக இருக்க, தவறு நேர்ந்தால் தானே பிழைக்க வேண்டும் என்று தெரிந்து ஓட்டிய மணிகளுக்கு ஈடாக ஒரு கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு பிள்ளை விமானியாக வேண்டுமென்றால், குடும்பம் அரைக் கோடிக்கு மேல் புரட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலும் வெளியூரோ வெளிமாநிலமோ போய்த் தங்க வேண்டும். பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பது அதனால் முக்கியம். ஜாய்ஸ்டிக் வாங்கும் முன்பே இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையும், பிறகு முதல் வகுப்புச் சோதனையும் முடித்துவிடுவது நல்லது. கண்ணிலோ காதிலோ இதயத்திலோ குறை இருப்பது கட்டணம் கட்டிய பிறகு தெரியக் கூடாது. அடுத்து ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநரோடு ஒருமுறை பறந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகு வாங்கும் சிமுலேட்டரில் ரடர் பெடல் இருக்கட்டும். சரிபார்ப்பு வரிசையும் ரேடியோவும் மீட்டர் பாடமும் அதில் நடக்கட்டும். இறங்குவதை மட்டும் பயிற்றுநர் கையில் விட்டுவிடலாம்.